ஐந்து சென்டிமீட்டர் நாஸ்லி

ஞானஸ்நான விருந்தில் ஹெரார்டோ மாமா வாய்க்குக் கொண்டுபோன மட்டியை நாஸ்லி கைசேடோ பாதி வழியில் பறித்துவிட்டாள். கழுத்துக் கயிற்றில் தொங்கும் பிளாஸ்டிக் வளையத்துக்குள் அதை நுழைத்தாள். மட்டி எங்கும் உரசாமல் மறுபக்கம் விழுந்தது.

“மாமா, இது பச்சக் குழந்த. ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கிற விருந்துல இன்னொரு குழந்தையத் தின்னுறீங்க.”

“அது வெந்துபோச்சு தாயி. இப்பத் திருப்பி விட்டா மட்டும் நீந்திப் போயிருமாக்கும்?”

மட்டிகள் நீந்துவதில்லை, சேற்றுக்குள் எப்படி வாழ்கின்றன என்றால், என்று நாஸ்லி ஆரம்பித்தாள். அவள் முடிப்பதற்குள் தேங்காய்ப்பால் சோறு ஆறிவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மரிம்பா வாசிக்கிறவர் அவசரமாகக் கட்டைகளைத் தட்டத் தொடங்கினார்.

அந்த வளையத்தின் உள்ளகலம் ஐந்து சென்டிமீட்டர். அதற்குள் நுழைந்து விழும் மட்டி இன்னும் வளராதது; சேற்றுக்கே திரும்ப வேண்டும். குடிநீருக்கென்று ஒருமுறை கொண்டுவந்து இறக்கி, தண்ணீர் மட்டும் வராமலே போன குழாய்களில் ஒன்றை அறுத்து அவளே செய்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கழுத்தில் வேறு நகை கிடையாது. சுகாதார நிலையத்தில் என்னைப் பார்க்க வந்தால் மாத்திரைப் பட்டைகளைக்கூட அதில் பிடித்துப் பார்ப்பாள். ஒரு படகோட்டி இளைஞன் கூடை நிறைய மட்டியோடு தன் காதலைச் சொல்ல வந்தான். நாஸ்லி பாதிக் கூடையை அளந்து, சின்னதையெல்லாம் சேற்றுக்கு அனுப்பினாள். மீதிப் பாதியை அளந்து முடிக்கும்வரை அவன் நிற்கவில்லை.

நான் இங்கே செவிலியாக வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. கொலம்பியாவின் இந்தப் பசிபிக் கரையில் கடல் இறங்கியதும் பெண்கள் தோணியேறி அலையாத்திக் காட்டுக்குப் போவார்கள். வேர்களுக்கு நடுவே முழங்கால் சேற்றில் குனிந்து, கையால் துழாவி மட்டி எடுப்பார்கள். நாஸ்லி நடக்கப் பழகியதே அந்தச் சேற்றில்தான். தேவாலயத்துக்கும் ரப்பர் பூட்ஸோடுதான் வருவாள்.

பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்பில் அவள் இருக்கிறாள். அவர்கள் அனுப்பிய சான்றிதழில் ‘உலகக் குடிமகள்’ என்று அச்சிட்டிருந்தது. அன்றிலிருந்து அவள் அம்மா எர்மிலா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். “ஏ உலகக் குடிமகளே, பன்னிக்குத் தீனி வெச்சியா? உலகம் அப்புறம் பொழைச்சுக்கும், பன்னி கத்துது பாரு!”

கைப்பேசிக்கு அலைவரிசை கிடைப்பது எங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் மட்டும். சனிக்கிழமைகளில் நாஸ்லி அங்கே ஏறி நின்று செனகல் நாட்டுத் தோழி கூம்பாவோடு பேசுவாள். அந்த ஊரிலும் பெண்கள் அலையாத்திக் காட்டில்தான் மட்டி எடுக்கிறார்களாம். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை; கைப்பேசி மொழிபெயர்க்கும். “உங்கள் சேறு நலமா?” என்று ஒரு நாள் அது கேட்டதில், கீழே நின்றிருந்த பெண்கள் சிரித்துச் சிரித்துத் துணி துவைக்க மறந்தார்கள்.

அந்தக் கூம்பாதான் சொன்னாள்: ஒரு ஓடையைச் சில மாதங்கள் மூடி வைத்தால் மட்டி பெருகுகிறது என்று. எங்கள் பெண்கள் நம்பவில்லை. எர்மிலாவின் தங்கை லிசெனியா இடுப்பில் கைவைத்தாள்.

“ஓடைய மூடிட்டு வாயையும் மூடிக்கணுமா? சாப்பாட்டுக்கு எங்க போறது?”

“மத்த ஓடையெல்லாம் இருக்கே சித்தி. ஒண்ணே ஒண்ணுதான்.”

“அந்தப் பொண்ணுகிட்ட கேளுடி, அங்க கொசு இருக்கான்னு,” என்றாள் எர்மிலா. கேள்வி மேலே போய், பதில் கீழே வந்தது. இருக்கிறது, தாங்க முடியாது, நார் கொளுத்திப் புகை போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறோம். எர்மிலா தலையாட்டினாள். “அப்ப அவ பொய் சொல்லல. நெசமாவே சேத்துல எறங்கினவதான்.”

கொக்கோடை என்ற ஓடையை எட்டு மாதம் மூடுவது என்று முடிவானது. உள்ளே யார் போனாலும், திறக்கும் நாளில் அந்த வீட்டுக்கு இடமில்லை. இந்த விதியை எழுதியவள் நாஸ்லி.

மூடிய ஆறாம் மாதம், தலைநகர் பொகோட்டாவில் நடக்கும் இளைஞர் மாநாட்டில் பேச அவளுக்கு அழைப்பு வந்தது. அடுத்த வாரத்தில் ஒரு காலை, எர்மிலா வீங்கிய கையோடு என் வாசலில் நின்றாள். சேற்றில் பதுங்கும் முள்மீன் குத்தியிருந்தது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் கையை வைப்பதுதான் அதற்கு வைத்தியம். நாஸ்லி சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா கத்திக்கொண்டிருக்க, வாசலில் இறக்கியிருந்த கூடைக்குள் அவள் கை தானாகப் போனது. ஒரு மட்டி வளையத்தில் நுழையவில்லை. இரண்டாவதும் நுழையவில்லை. பத்து, பன்னிரண்டு என்று எடுத்துப் பார்த்தாள்.

“அம்மா! எல்லாமே பெருசும்மா! ஒண்ணுகூட விழல! இது எங்க…”

அத்தனை பெரிய மட்டிகள் அப்போது ஒரே ஓர் ஓடையில்தான் இருந்தன. எனக்குத் திடீரென்று மருந்து அலமாரியைத் துடைக்க வேண்டியிருந்தது.

“எதுக்கும்மா?”

“எதுக்கா? அம்மாம்பெரிய ஊர்ல, அத்தன பேருக்கு முன்னால, இந்த ரப்பர் பூட்ஸோடவா மேடையேறுவ? இத வித்து ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்க வேணாமா? கையெடுத்துடவா நர்ஸக்கா, வேகுது.”

“வேகட்டும்,” என்றேன்.

நாஸ்லி கூடையைத் தூக்கிக்கொண்டு தோணிக்குப் போனாள். கொக்கோடையில் எல்லா மட்டிகளையும் திரும்ப விட்டாள். அன்று மாலை பள்ளிக்கூடக் கொட்டகையில் பெண்கள் கூடியபோது எழுந்து நின்றாள். வழக்கமாக அரைமணி நேரம் பேசுகிறவள், அன்று எண்ணி எட்டுச் சொற்கள் பேசினாள். “ஓடைக்குள்ள போனது எங்க வீடு. விதிப்படி எங்கள வெளிய நிறுத்துங்க.” செருப்பைப் பற்றி மூச்சுவிடவில்லை.

“அளக்குறவ வீட்டுலயே அளவு தப்பிப்போச்சா!” என்றாள் லிசெனியா. கொட்டகை அதிரச் சிரித்தார்கள். எர்மிலா சிரிக்கவில்லை. “நியாயம் பேச இவளுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கல, பெத்தவதான் கெடைச்சா,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அதன்பிறகு மகளோடு அவள் பேசவில்லை. பன்றிக்குத் தீனி வைக்கச் சொல்ல வேண்டுமென்றால்கூடப் பன்றியிடம்தான் சொன்னாள்.

நாஸ்லி என் செருப்பைப் போட்டுக்கொண்டு பொகோட்டா போனாள். அவளுக்கு அது இரண்டு அளவு பெரிது. திரும்பி வந்ததும் அவள் வீட்டுக்குப் போய், என்ன பேசினாள் என்று கேட்டேன்.

“அஞ்சு நிமிஷம் குடுத்தாங்கக்கா. நாலு நிமிஷம் எங்கம்மாவப் பத்தியே பேசிட்டேன். எறங்கி வந்தா ஒவ்வொருத்தரா வந்து கையப் புடிச்சுக்கறாங்க. பெரு நாட்டுப் பையன் சொல்றான், அவன் ஊர்ல வெட்டக்கூடாதுன்னு வெச்ச மரத்த வெட்டினது அவன் மாமாவாம். கூம்பா ஊர்ல மூடின ஓடைக்குள்ள போயி மாட்டிக்கிட்டது அவ அத்தையாம். எந்த நாட்டுலயும் திருடன் வெளியிலேருந்து வரலக்கா. எல்லாம் நம்ம வீட்டு ஆளுங்கதான்.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எர்மிலா பாத்திரத்தை ஓங்கி வைக்கும் சத்தம் கேட்டது.

கொக்கோடை திறந்த நாளில் ஊரே தோணியேறியது. யாரையாவது முள்மீன் குத்தினால் உதவட்டும் என்று நானும் போனேன். தாயும் மகளும் விதிப்படி உள்ளே போகவில்லை. ஓடையின் வாயிலேயே தோணியை நிறுத்தி, ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வேர்களுக்கிடையில் கூச்சல் எழுந்தது, கூடைகள் நிறைந்துகொண்டிருந்தன. அடுத்து எந்த ஓடையை மூடலாம் என்று அங்கேயே சண்டை ஆரம்பித்திருந்தது. சத்தமாகச் சண்டை போட்டது லிசெனியாதான். பேச்சுவாக்கில் அவள் ஒரு மட்டியைத் தோண்டி எடுத்து, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, கூடைக்குள் நழுவவிடப் போனாள்.

எர்மிலா தோணியில் விருட்டென்று எழுந்தாள். “அடியே லிசெனியா! அது சின்னதுடி! இங்கேருந்தே தெரியுது! திருப்பிச் சேத்துல போடு!”

எழுந்த வேகத்தில் தோணி ஒருபக்கமாகச் சாய்ந்தது. நாஸ்லி இரண்டு கைகளையும் அகல விரித்து, தோணியின் விளிம்புகளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அம்மா நின்று திட்டுவதற்கு வசதியாக.