நாற்பத்தெட்டு ராத்தல் இழுவை

எல்க் வேட்டைக்கு வரச் சொல்லித் தம்பி கனடாவிலிருந்து தொலைபேசியில் கேட்டபோது முதலில் சிரித்தேன். எல்க் என்பது குதிரையளவு மான். பாரிஸ் லா சப்பலில் மூன்றாம் மாடிக்கு ஏறவே இரண்டு இடத்தில் நிற்கிற நான், அறுபத்தொன்பது வயதில், அதை அம்பால் எய்ய வேண்டுமாம்.

"துவக்கெண்டால் எல்லையிலை ஆயிரம் கடதாசி கேப்பாங்கள் அண்ணை. வில்லுக்கு அவ்வளவு கரைச்சல் இல்லை. நான் மானைக் கூப்பிட்டுக் கிட்டக் கொண்டு வாறன், நீங்கள் எய்யுங்கோ."

"அடுத்த வருசம் பாப்பமே."

"அடுத்த வருசம் நான் நடக்கமாட்டன்."

அவனுக்கு நரம்பு நோய். முதலில் கைகளின் பலம் போனது. தன் வில்லையே இழுக்க முடியாமல் சுவரில் மாட்டிவிட்டான். இப்போது கால்கள். 2009க்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். ஓம் என்றேன்.

பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் ஒரு கடையில் வேட்டை வில் பார்த்தேன். இந்த வகை வில்லின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சில்லு இருக்கும். நாணை இழுக்கத் தொடங்கும்போது முழுப் பாரமும் தோளில் விழும். சில்லு உருண்டு ஓரிடத்தைத் தாண்டியதும் பாரம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். அந்த இடத்தைத் தாண்டுவதுதான் காரியம். கடைக்காரர் என் விரித்த கைகளை அளந்தார்: அறுபத்தாறு அங்குலம். அதை இரண்டரையால் பிரித்து இழுவை நீளம் இருபத்தாறரை என்று நானே சொன்னேன். அறுபது ராத்தல் வில் அசையவே இல்லை. ஐம்பதில் கை நடுங்கியது. நாற்பத்தெட்டில் நின்றோம். கனடாவின் வேட்டைச் சட்டத்துக்கு நாற்பது போதும். பாரமான அம்பு, கூரான முனை, இருபது மீற்றருக்கு மேல் எய்யக் கூடாது என்றார்.

பிறகு அதைச் சரிபார்க்கும் வேலை. மரச்சட்டத்தில் விரித்த தாளுக்கூடாக எய்து, அம்பு நேராகப் போகிறதா என்று கிழிசலைப் பார்க்க வேண்டும். அம்பின் வால் இடப்பக்கம் மூன்று சென்ரிமீற்றர் கிழித்தது. அம்பு தாங்கியை அரை அரை மில்லிமீற்றராக நகர்த்தினோம். பதினோராவது அம்பு ஒரே துளையாகப் போனது. எனக்கு அன்று கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அது தேவையில்லாத நம்பிக்கை.

பயணத்துக்கு முதல் வாரம், வெள்ளிக்கிழமை, மனைவி வில்லைச் சாமித்தட்டுக்கு முன்னால் வைக்கச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, உதுக்குச் சில்லு இருக்குதெல்லே? அப்ப வாகனம்தான். கார் எடுத்த அண்டைக்கு என்ன செய்தனாங்கள்?"

"கார் உயிரைக் கொல்லப் போறதில்லை."

"நீங்கள் ஓடுற ஓட்டத்துக்கு அதுவும் கொல்லும்."

சில்லுக்கு ஒன்றாக இரண்டு தேசிக்காய் வைத்தாள். சந்தனம் பூசினாள். கற்பூரத் தட்டை மேற்சில்லைச் சுற்றி மூன்று தரம் காட்டினாள், தம்பியின் பெயரைச் சொல்லியபடி. நானும் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கடைக்குப் பின்னாலிருக்கிற கூடத்தில் நாலாவது அம்புக்கு இழுத்தபோது நாண் அறுந்தது. வெடித்த மாதிரிச் சத்தம். வில்லின் மேற்பாதி பிளந்துவிட்டது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் தடித்துச் சிவந்தது.

கடைக்காரர் நாணின் நுனியை விரலால் உருட்டிப் பார்த்தார். "இது பிளாஸ்ரிக் இழை, மிசியே. இங்கே உருகியிருக்கிறது. நெருப்புக்குக் கிட்ட வைத்தீர்களா?"

நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன். உடைந்த பகுதிக்கு மாற்று தொழிற்சாலையிலிருந்து வர ஆறு வாரம். வேட்டைக் காலம் அதற்குள் முடிந்துவிடும். இன்னொரு வில் வாங்கிப் பழக நாளும் இல்லை, காசும் இல்லை.

"நான் நல்லதுக்குத்தானே செய்தனான்," என்று மனைவி குசினிக்குள் நின்று அழுதாள். நான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"என்ரை வில் கிடக்கு. வாங்கோ," என்றான் தம்பி.

போனேன். அவனுடைய வில் அறுபத்தைந்து ராத்தல். பாரத்தைக் குறைக்க அதன் திருகாணிகளை முடிந்த மட்டும் தளர்த்தினோம். ஐம்பத்தைந்துக்குக் கீழே இறங்கவில்லை. இழுவை நீளமும் எனக்கு ஒன்றரை அங்குலம் கூட. முற்றத்தில் மூன்று நாள் முயன்றதில் இரண்டே தரம்தான் முழுதாக இழுத்தேன். "அங்கை மானைக் கண்டால் பலம் தானாய் வரும்," என்றான்.

நாலாம் நாள் காலை, காட்டுக்குள் ஊன்றுகோலோடு இருநூறு மீற்றர்தான் அவனால் நடக்க முடிந்தது. விழுந்து கிடந்த மரத்தில் இருந்துகொண்டு ஊதுகுழலை எடுத்து ஊதினான். பதில் வந்தது. பிறகு கிளைகள் முறிகிற சத்தம். பிறகு அது வந்து நின்றது, கொம்பில் ஆறு ஆறு கிளை, பதினெட்டு மீற்றரில், விலாவைக் காட்டிக்கொண்டு.

இழுத்தேன். பாதி வரை வந்தது.

"இழுங்கோ அண்ணை," என்று தம்பி மூச்சுக்குள் சொன்னான். "கொஞ்சம். இன்னும் கொஞ்சம்."

தோள் தீப்பிடித்த மாதிரி இருந்தது. சில்லு உருளவில்லை. மான் எங்களைப் பார்த்தது, திரும்பியது, அவசரமில்லாமல் மரங்களுக்குள் போனது. நாண் என் கையை இழுத்துக்கொண்டு பழைய இடத்துக்குப் போயிற்று.

வில்லை இறக்கி மரத்தில் சாய்த்தேன்.

"இன்னொருக்கால் கூப்பிடட்டோ? வரும், அண்ணை."

"வந்து?"

அவன் குழலைச் சட்டைப்பைக்குள் வைத்தான். எழும்புவதற்காகக் கையை என்னிடம் நீட்டினான். முதல் தரம் பிடித்து இழுத்தபோது அவனை எழுப்ப முடியவில்லை.