அம்மா காட்டிய இடது கண்

என் அம்மாவின் இடது கண்ணைக் கெடுத்தவன் மிகவும் பணிவான மனிதன். காரிமங்கலம் சந்தையில் துணி விரித்து உட்கார்ந்து, புரை விழுந்த கண்ணுக்குள் ஊசியை விட்டுப் புரையைத் தள்ளிவிடுவான். அம்மாவைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தான். மூன்று நாள் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. என் கால்சட்டையில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. நான்காம் நாள் வலி தொடங்கியது. மாதம் முடிவதற்குள் கண் வெளுத்துச் சுருங்கிவிட்டது. பிறகு அவன் எந்தச் சந்தைக்கும் வரவில்லை.

அதிலிருந்து அம்மா அந்தப் பக்கத்தை முந்தானையால் மூடாமல் வெளியே வரமாட்டாள். வலது கண்ணிலும் புரை முற்றி, கேழ்வரகுக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் போனபோது, அப்பா எங்களை மொரப்பூரில் ரயிலேற்றிச் சென்னைப் பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அங்கிருந்த பெரிய டாக்டர் மாணவர்களுக்குப் பாடமும் சொல்பவர். வலது கண்ணை ஆபரேஷன் செய்து மீட்டுவிடலாம் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, கெட்டுப்போன கண்ணைத் தம் மாணவர்கள் பார்க்கலாமா என்று கேட்டார். சம்மதமில்லாவிட்டாலும் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்றார்.

"நானும் இப்படி ஒரு அம்மா கண்ணைப் பார்த்துதாம்மா படிச்சேன்" என்றார்.

அப்பா தரையைப் பார்த்தார். அம்மா முந்தானையை விலக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாக்கட்டுங்க."

மறுநாள் வகுப்பறையில் அவளை ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. நான்காவது ஆள் வந்தபோது குறுக்கே போய் நின்று, எங்கம்மாவைப் பார்க்கக் கூடாது என்று கத்தினேன். அவர் பெரிய டாக்டரைத் திரும்பிப் பார்க்காமல், என்னிடமே அனுமதி கேட்டார். அம்மா கையால் தடவி என்னைத் தேடிப் பிடித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு கண்ணையும் கட்டி, பல நாள் அசையாமல் படுக்க வைத்திருந்தார்கள். அப்பாதான் கஞ்சி ஊட்டினார். கட்டை அவிழ்த்துச் சில வாரம் கழித்து, கெட்டிக் கண்ணாடி மாட்டிய அன்று அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்கண்ணு இப்பிடி எளச்சுப் போயிட்ட?"

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊருக்குப் புறப்பட்ட அன்று, யாரும் கேட்காமலே அம்மா மறுபடி வகுப்பறைக்குப் போனாள். புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் அந்தக் கண்ணை இன்னும் பார்க்கவில்லையாம். ஒவ்வொருவர் பக்கமும் தானே முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். எனக்கு மானம் போயிற்று. ரயிலில், எதற்காக அப்படிச் செய்தாய் என்று சண்டைக்குப் போனேன்.

"அதுல ஒரு டாக்டராச்சும் நம்மூருப் பக்கம் வந்தாப் போதும் கண்ணு" என்றாள்.

யாரோ டாக்டர் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வரப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் உட்கார வீட்டில் ஒரு நாற்காலிகூட இல்லையே என்று மொரப்பூர் வரும்வரை கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.