அப்பாவின் பகல் நித்திரையும் அம்மாவின் வகுப்பும்

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்காக வெயிலிலும் பஸ்சிலும் அலைந்து வந்து, இந்தச் சிறு நினைவுமலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். "அம்மாவைப் பற்றி நல்லதா நாலு வரி எழுதித் தாங்கோ அக்கா" என்று தம்பி கேட்டான். நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் அதை மட்டும் எழுதினால் அது எங்கள் அம்மாவாக இருக்காது. ஆகவே மனதில் கிடக்கும் மற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன். தம்பி கோபித்தால் கோபிக்கட்டும்.

அம்மா பிறந்தது சல்லி என்ற கடலோரக் கிராமத்தில், கடற்றொழில் செய்த குடும்பமொன்றில். எட்டாம் வகுப்போடு அவரைப் படிக்கவிடாமல் மறித்துவிட்டார்கள். சுதந்திரம் கிடைத்த காலத்தை ஒட்டி, வெளிச்சவீட்டில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். குடாவின் தென்பக்கத்தில் கடலுக்குள் நீண்டிருந்த பாறை முனையில் அந்த வெளிச்சவீடு இருந்தது. அதன் அடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட எங்கள் குவாட்டர்ஸ். முன்னால் கடல், பின்னால் யானைக் காடு. கிழமைக்கொரு தரம் மூதூரிலிருந்து சாமான் தோணி வரும். வாடைக்காற்று தொடங்கினால் அதுவும் நின்றுவிடும். பாடசாலை என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே நான், தம்பி, தங்கச்சி, கடைசித்தம்பி ஆகிய நால்வருக்கும் அம்மாதான் வாத்தியார்.

நான் இப்போது ஈச்சிலம்பற்றில் படிப்பிக்கிறேன். வெருகல் ஆறு பெருகினால் பிள்ளைகள் கிழமைக்கணக்கில் வீட்டில் கிடப்பார்கள். "மூண்டு வேற வேற வயசில மூண்டு பிள்ளையள், ஒண்டா வச்சு எப்பிடிப் படிப்பிக்கிறது ரீச்சர்?" என்று தாய்மார் கேட்பார்கள். நான் சொல்வதெல்லாம் அம்மாவின் முறைதான். நால்வருக்கும் நாலு பாடம் எடுக்க மாட்டார். ஒரு கதையைச் சொல்வார். அதிலிருந்து கடைசித்தம்பி சுளகில் பரப்பிய மணலில் இரண்டு எழுத்துப் போடுவான். தங்கச்சி சொற்களைப் பார்த்து எழுதுவாள். தம்பிக்கு ஐந்து வசனம். நான் அதையே கடிதமாக எழுத வேண்டும். சின்னதை முதலில் கவனித்து விளையாட விட்டுவிடுவார். பெரியதோடு முதலில் உட்கார்ந்தால் சின்னது சட்டி பானையை உருட்டும் என்பது அவர் கண்ட உண்மை. சண்டை பிடித்தால் அடிக்க மாட்டார், ஆளுக்கொரு வாளியைக் கொடுத்துத் தண்ணீருக்கு அனுப்புவார்.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூத்தவள் என்பதற்காக என்னைத் தங்கச்சிக்கு வாத்தியாராக்கினார். அவளுக்குக் கூட்டல் வந்ததே தவிர, என் பின்னக் கணக்கு அப்படியே நின்றது. மூத்த பிள்ளையின் முதுகில் மற்றப் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

இனி அம்மா விட்ட பெரிய பிழைக்கு வருகிறேன். இரவு முழுவதும் விளக்கோடு விழித்திருந்து, அப்பா காலையில் வந்து படுப்பார். மத்தியானம் திரும்பும் வரை அவர் நித்திரை. பின்னேரம் எங்களுக்குத் தண்ணீர், விறகு என்று வேலை. ஆகவே வகுப்பு காலையில்தான், அதுவும் அடுத்த அறையில்.

"வாய்க்குள்ள படி பிள்ளை. அப்பா படுத்திருக்கிறார்."

இதைக் கேட்டே வளர்ந்தோம். மனக்கணக்கும் வாய்பாடும் தேவாரமும் எல்லாமே குசுகுசுப்பில். பாறையில் நின்று கத்தி விளையாடிய பிள்ளைகள்தான் நாங்கள். ஆனால் எழுத்தைக் கண்டால் தொண்டை தானாக அடங்கிவிடும்.

எனக்குப் பதினொரு வயதானபோது குடாவுக்கு அக்கரையில் இருந்த நகரத்தில் பாடசாலை ஒன்றில் சேர்க்க அம்மா கூட்டிப் போனார். அங்கே ஓர்ஸ் ஹில்லில் இருந்த மாமி, தன் வீட்டில் நின்று படிக்கலாம் என்று சொல்லியிருந்தார். தலைமையாசிரியர் புத்தகத்தைத் தந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"கேக்கேல்லை."

மறுபடியும் வாசித்தேன். என் காதுக்கு நான் சத்தமாகத்தான் வாசித்தேன். மூன்றாம் தரம் அவர் புத்தகத்தை வாங்கி மூடினார்.

"பிள்ளைக்கு எழுத்துத் தெரியாது போலக் கிடக்கு."

"எல்லாம் தெரியும் ஐயா" என்றார் அம்மா. "அவையின்ர அப்பா பகலில நித்திரை கொள்ளுறவர்."

தலைமையாசிரியருக்கு இது விளங்கவில்லை. எவருக்குத்தான் விளங்கும்? அடுத்த வருடம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார். நான் பெரியபிள்ளையாகிவிட்டால் அப்பா வெளியே விடமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். இருந்தது அந்த ஒரு வருடம்தான்.

வீடு திரும்பிய அன்றே, சோறு போட்டுக்கொண்டு அம்மா அப்பாவிடம் சொன்னார்: "இனிக் காலமையில பிள்ளையள் சத்தமாப் படிக்குங்கள்."

"அப்ப நான் எப்ப நித்திரை கொள்ளுறது? நான் கண் அயந்து விளக்கு அணைஞ்சா, கப்பல் கல்லில ஏறும்."

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. மறுநாள் அம்மா எங்களைக் கடற்பக்கப் பாறைக்குக் கூட்டிப் போனார். நாங்கள் பாறைப் பிளவின் ஒரு கரையில், அவர் மறு கரையில், நடுவில் அலை. குரல் எட்டினால் தலையாட்டுவார், எட்டாவிட்டால் கையை உயர்த்துவார். முதல் கிழமை முழுவதும் அந்தக் கை கீழே இறங்கவேயில்லை. தொண்டை புண்ணாகி அழுதேன். ஒரு வசனத்துக்கு அவர் தலை அசைவதைக் கண்டபோது பத்து நாள் போயிருந்தது.

பிறகு வாடை வந்தது. பாறைப்பக்கம் போக முடியவில்லை, தோணியும் இல்லை. ஆறு பேர், இரண்டு அறை, உப்புக்காற்று, மறுபடியும் குசுகுசுப்பு. எழுதும் கொப்பியெல்லாம் ஈரத்தில் ஊறின. ஒருநாள் தங்கச்சிக்கு அடித்துவிட்டு அம்மாவோடு பாய்ந்தேன்.

"இது வீடில்லை, ஆளைப் பூட்டி வைக்கிற மறியல்."

"ஓம், மறியல்தான். நீ வெளியால போறதுக்குத்தான் படிக்கிறாய்."

"அப்ப நீங்கள்?"

"எனக்கு அடுப்பில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார்.

வாடை ஓய்ந்ததும் மறுபடியும் பாறைக்குப் போனோம். அடுத்த வருடம் அதே தலைமையாசிரியர் என்னை வாசிப்பின் இடையில் நிறுத்தி, "காணும் பிள்ளை, பக்கத்து வகுப்புக்கும் கேக்குது" என்றார். வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்ந்தேன். எனக்குப் பின் ஒவ்வொருவராக மூவரும் மாமி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கடைசித்தம்பியும் போனபின், அப்பா பென்சன் எடுக்கும் வரை ஏழு வருடம் அம்மா அந்தப் பாறையிலேயே இருந்தார். பிறகு நகரத்துக்கு வந்தாலும் அதிகம் வெளியே போக விரும்பவில்லை. அப்பா இறந்தபின் மூன்று வருடம் இருந்து, நெஞ்சு நோயில் பன்னிரண்டு நாள் கிடந்து போனார்.

எங்களை நனையாமல் கரை சேர்த்த, நாங்கள் காக்கா என்று அழைத்த மூதூர் முஸ்லிம் தோணிக்காரருக்கும், நான்கு பிள்ளைகளுக்கும் முகம் சுளிக்காமல் சோறு போட்ட மாமிக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மாறி மாறி நின்ற அயலவர்களுக்கும், செத்தவீட்டிலும் கிரியைகளிலும் தோள் கொடுத்த எல்லோருக்கும் நாங்கள் நால்வரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, இரண்டு நாள் லீவில் வெளிச்சவீட்டுக்குப் போனேன். அம்மா ஒரு கொப்பியை நீட்டினார். தம்பி விட்டுப்போன சோதனைப் பேப்பருக்கு, முழுவதற்கும், விடை எழுதியிருந்தார்.

"நேரம் கிடந்தாத் திருத்தித் தா பிள்ளை."

"நாளைக்குப் பாக்கிறன் அம்மா" என்றேன். மறுநாள் காற்று மாறுகிறது என்று தோணிக்காரர் விடியவெள்ளெனவே வந்து கூப்பிட்டார், ஏறிவிட்டேன். பாதிக் கடலில்தான் நினைவு வந்தது. அம்மா பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க வெட்கப்பட்டேனா, மறந்தேனா தெரியாது, நானும் கேட்கவில்லை.

வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் தாய்மாரைக் காணும்போதெல்லாம், நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று இப்போது கேட்கிறேன். எங்கள் ஒவ்வொரு வரியையும் திருத்திய அம்மா, தான் எழுதியதில் எது சரி, எது பிழை என்று தெரியாமலே போய்விட்டார்.