திங்கட்கிழமை கிடைத்த அனுமதி

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த அகதி முகாமில் ஓர் ஈரானியர் இருந்தார். எனக்கு விசா கிடைத்துவிட்டது, அவருக்குக் கிடைக்கவில்லை. விசா இல்லாதவர்கள் நகர எல்லையைத் தாண்டவே அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். ஹம்பேர்க் வைத்தியசாலையிலோ அவருடைய தம்பி சாகக் கிடந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவரை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவரை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். சிரித்த முகத்தோடு வெளியே வந்து, திங்கட்கிழமை வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறார்கள் என்றார். ஏன் இன்றைக்கே தரவில்லை என்று கேட்டேன்.

கடிதம் இன்றைக்கே வேண்டுமா, திங்கள் தந்தால் போதுமா என்று உள்ளே இருந்த அதிகாரிப் பெண் அன்பாகத்தான் கேட்டிருக்கிறாள். இவர், உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது என்றிருக்கிறார். ஈரானியர்களின் மரியாதை அப்படி. முதலில் வேண்டாம் என்பார்கள், திரும்பக் கேட்டாலும் வேண்டாம் என்பார்கள்; எதிரே இருப்பவர்தான் வற்புறுத்த வேண்டும். ஜெர்மன்காரி எதற்கு வற்புறுத்தப் போகிறாள்? திங்கள் என்று எழுதிவிட்டாள்.

மரியாதையும் மண்ணாங்கட்டியும். அவரை இழுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு மூடுகிற அலுவலகம், அதற்குள் பூட்டிவிட்டார்கள். காவலாளியிடம் கெஞ்சினேன், கத்தினேன். அவன் சுவரிலிருந்த நேர அட்டவணையைக் காட்டினான்.

"பேசாமல் ரெயின் ஏறிப் போகச் சொல்லுங்கோ. வாறது வரட்டும்" என்றாள் என் மனைவி.

"ஏலாதப்பா" என்றேன். அவர் ஏற்கெனவே கடிதமில்லாமல் நகர எல்லை தாண்டிப் பிடிபட்டவர். இன்னொரு முறை என்றால் வழக்கு. பிறகு விசாவை மறந்துவிட வேண்டியதுதான். போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் எங்கள் குசினிக்குள் அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். நான் அலுவலகத்தைத் திட்டினேன், அவரையும் திட்டினேன். அவ்வளவு கையாலாகாதவனாக நான் என்றைக்கும் இருந்ததில்லை. ஞாயிறு மத்தியானம் தம்பி போய்விட்டான்.

திங்கள் என்னையும் உள்ளே விட்டார்கள். அந்தப் பெண் கடிதத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். உங்கள் தம்பி சீக்கிரம் குணமாகட்டும் என்றாள். அவன் நேற்றே போய்விட்டான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நன்றி சொல்லிக் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும், ஏன் என்னைத் தடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"சொன்னால் அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க மனம் கிடந்து அடிக்கும்" என்றார். சொல்லிவிட்டு அலுவலகப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.