பிச்சைக்கனியின் குதிரையும் உப்புக் குவியலும்

ஏரல் பிச்சைக்கனி வாழை விவசாயி. போன வருடம் தூத்துக்குடிப் பக்கம் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்தில், உப்பளத்தில் வெள்ளையாகக் குவித்திருந்த உப்பைக் கண்டு அவன் குதிரை மிரண்டது. வண்டி கவிழ்ந்து அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது.

"இன்னொரு தடவ விழுந்திய, குதிரைய வித்துருவேன்" என்றாள் அவன் மனைவி அருணாசலவடிவு. சொன்னால் செய்கிறவள்.

குதிரைக்குப் பயம் தெளிய வேண்டுமே! இந்த வருடம் பந்தயத்துக்கு முன்னால் பத்து நாள் அதை லோடு ஆட்டோவில் ஏற்றிப்போய், அதே குவியலில் உப்பை நக்க விட்டான்.

பந்தயத்தன்று, பக்கத்துத் தோட்டக்காரனான நான் பைக்கில் பின்னாலேயே போனேன். அவன் வண்டிதான் முதலில் ஓடியது. உப்பளம் வந்ததும் குதிரை மிரளவில்லை. சாலையை விட்டு இறங்கி, குவியலருகே நின்று நக்க ஆரம்பித்துவிட்டது. மற்ற வண்டிகளெல்லாம் தாண்டிப் போயின.

"ஏலே, சாட்டைய எடுல!" என்று கத்தினேன்.

"அண்ணாச்சி, மிரளல, பாத்தியளா!" என்று சிரிக்கிறான் மடையன்.

கடைசியாகத்தான் வந்து சேர்ந்தான். எல்லைக் கொடியருகே நின்ற அருணாசலவடிவு, எத்தனையாவது என்று கேட்கவில்லை. அவனை இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு குதிரையின் வாயில் ஒட்டியிருந்த உப்பை முந்தானையால் துடைத்தாள்.

"இதுக்குத் தண்ணி தவிக்கும்லா, வாளிய எடுங்க."