உரைகல்லில் கறுத்த தண்ணீர்

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து பட்டணத்தை விட்டு அம்பத்தூருக்கு ஓடிவந்தோம் அல்லவா? வந்த இடத்தில் எங்களைக் கதிகலங்க வைத்தது குண்டு இல்லை... ஒரு மாசிக்காய்!

போன செவ்வாய்க்கிழமை காலை. பக்கத்துப் போர்ஷன் சுந்தரம் மருந்து உரைக்கும் கல்லோடு ஓடிவந்தார். அச்சாபீஸில் எழுத்துக் கோப்பவர். எங்களைப் போலவே ஓடிவந்த குடும்பம்.

"பாருங்க சார்! குழந்தைக்கு உரைமருந்து. எப்பவும் பழுப்பா இருக்கும். இன்னிக்கு மை மாதிரி இருக்கு. இருட்டு அறையில கவனிக்காம என் சம்சாரம் பாதி புகட்டிட்டா!"

கைக்குழந்தைக்கு மாசிக்காயும் கடுக்காயும் உரைத்துக் கொடுக்காத வீடு உண்டா? ஆனால் அன்று அவசரத்தில், கொதிக்கவைக்காத புதுக் கிணற்றுத் தண்ணீரில் உரைத்திருக்கிறார்கள். பழைய கிணறு இந்தக் கோடையில் ஏறக்குறைய வற்றிவிட்டது. அதனால் வீட்டுக்காரர் முனுசாமி ஏரிப் பக்கம் தோண்டிய கிணறு அது.

காபி ஆறுவதற்குள் தெருவில் செய்தி பரவிவிட்டது. ஒற்றன் கிணற்றில் விஷம் போட்டுவிட்டானாம்! மண்வெட்டியோடு நாலு பேர் வந்துவிட்டார்கள், கிணற்றை மூட.

முனுசாமிக்குக் கோபம். "இன்னா நைனா பேசற? நான் தண்ணிக்குத் தோண்டினேனா, விசத்துக்குத் தோண்டினேனா?"

சுந்தரத்தின் மனைவி செல்லம்மாள் குழந்தையை மடியில் கிடத்தியிருந்தாள். அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சட்டென்று கிணறு தோண்டிப் போட்ட மண்குவியல் ஞாபகம் வந்தது. பழைய சங்கதி ஒன்று எப்போது நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். கிணறு தோண்டிய நாளெல்லாம் அங்கேயே நின்றேன். மேலே கறுப்பு வண்டல். அதற்கும் கீழே நீலம் பாய்ந்த களிமண் - ஏரிக்குக் கரை கட்டிய ராஜாவுக்கும் முந்தியது. எவ்வளவு முந்தியது? மண் வாய் திறக்கவில்லை. ஆனால் வெயிலில் கிடந்த நீலக்களி மறுநாளே துருப்பிடித்துச் சிவந்திருந்தது.

இரும்பு! யுகம் யுகமாக மழை மேட்டுச் செம்மண்ணைக் கரைத்துப் பள்ளத்தில் சேர்த்த இரும்பு. காற்றுப் படாதவரை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும்; கொதிக்கவைத்தால் துருவாக அடியில் படிந்துவிடும்.

மாசிக்காயை முதலில் பழைய கிணற்றின் மிச்சத் தண்ணீரில் உரைத்தேன். பழுப்பு. புதுத் தண்ணீரில் உரைத்தேன். கறுப்பு.

"அப்போ இதுல என்னவோ இருக்குன்னு நீங்களே சொல்றீங்க!" என்று அலறினார் சுந்தரம். மண்வெட்டிகள் நகர்ந்தன.

அவசரமாக ஒரு துரு ஆணியைத் தேடி, பழைய தண்ணீரில் ஊறப்போட்டு, அதில் உரைத்தேன். அதுவும் கறுத்தது.

சுந்தரம் குனிந்து பார்த்தார். "அட... இது நிஜமாவே மை சார்! கடுக்காயும் அன்னபேதிங்கிற இரும்பு உப்பும் போட்டு எங்கப்பா காய்ச்சுவாரே!"

"உன் பொண்ணு பரீட்சை எய்தப் போறா நைனா. இப்பவே மை குடிச்சிகினு கீறா!" என்றார் முனுசாமி. தெருவே சிரித்தது. மண்வெட்டிகள் தோளுக்கு ஏறின.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "சாமி, குடிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மாசிக்காய் இரும்பைக் காட்டும். இரும்போடு கூடவே வந்து அதே களியில் அணு அணுவாக ஒளிந்திருக்கக்கூடியதை? சில ஊர்களில் மண்ணிலேயே பாஷாணம் இருப்பதாகப் படித்திருக்கிறேன். அதை எந்தக் காய் காட்டும்? தண்ணீரைச் சோதிக்கும் ஆபீஸுக்கு ஆள் அனுப்பினோம். பூட்டு தொங்குகிறதாம். அவர்களும் பயந்து ஊரை விட்டுப் போய்விட்டார்கள்!

"சொல்லுங்கண்ணா" என்றாள் செல்லம்மாள். குழந்தை அவள் தோளில் இருந்தது.

"கிணற்றை மூட வேண்டாம். துணி துவைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம்" என்றேன். "குழந்தைக்கு, ஊரே தலைமுறை தலைமுறையாகக் குடிக்கும் கோயில் கிணற்றிலிருந்து கொண்டுவாருங்கள்."

அவ்வளவு தூரமா என்று சுந்தரம் முனகினார். செல்லம்மாள் அதற்குள் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்துவிட்டாள்.

குழந்தை சௌக்கியம். நான்தான் தினமும் எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

பூமி யுகக்கணக்கில் சேர்த்துவைத்ததை ருசி பார்க்க, பல்லே முளைக்காத ஒருத்தியையா முதலில் அனுப்புவது?