எதிர் வூட்டு ரெண்டாயிரத்து நூறு

மாசா மாசம் பதினெட்டாம் தேதி கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் வரும். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல என் வூட்டுக்காரர் பையைத் தூக்கிகினு காசிமேட்டுக்குக் கெளம்பிடுவாரு. அரை கிலோ எறா வாங்க யாருக்கும் மூணு மணி நேரம் ஆகாது. அவருக்கு ஆகும். நான் கணக்கு பாக்குறப்போ வூட்ல இருந்தா காரணமே இல்லாம திட்டு விழும்னு அவருக்கு நெனப்பு.

காரணம் இல்லாம இல்ல. அந்த ஸ்டேட்மென்ட்டைத் தெறக்கறதுக்கே என் பேர்ல நாலு எழுத்து, பொறந்த தேதி எல்லாம் போடணும். நான் யாருன்னு எனக்கே நிரூபிக்கணும். தெறந்தா உள்ள இன்னா கீது? ஒரு ஃப்ரிட்ஜ் தவணையை பேங்குக்காரனால ஒரே வரில எழுத முடியாது. அசல் தனியா, வட்டி தனியா, வட்டி மேல ஜிஎஸ்டி தனியா, மூணும் மூணு இடத்துல கெடக்கும். கடை வாசல்ல வட்டியே இல்லாத தவணைன்னு இவ்ளோ பெரிய எழுத்துல போர்டு வெச்சவனை இழுத்துகினு வந்து என் பக்கத்துல ஒக்கார வெச்சு, இது இன்னா நைனான்னு கேக்கணும் போல பத்திகினு வரும்.

கணக்கு எழுத என் பழைய லேப்டாப்புல ஒரு சாஃப்ட்வேர் வெச்சிருக்கேன். காசு குடுத்து வாங்கினது இல்ல, நெட்டுல சும்மா எறக்கினது. நாம செலவு பண்ணப்போ எழுதினது ஒரு பக்கம், பேங்க் அனுப்பினது ஒரு பக்கம். ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்து டிக் போடணும். கீழ வித்தியாசம் எவ்ளோன்னு ஒரு கட்டம். அது செவப்புல நிக்கிற வரைக்கும் எங்கியோ ஒதைக்குதுன்னு அர்த்தம். எல்லாம் பொருந்தினா சைபர் ஆகி பச்சையா மாறும். வித்தியாசத்தை ஒரே அமுக்குல சரிக்கட்டுறதுக்கும் ஒரு பட்டன் வெச்சிருக்கான். நான் அதைத் தொட்டதே இல்ல. திருவொத்தியூர்ல ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸ்ல பதினோரு வருஷமா பெட்டி நம்பரையும் சீல் நம்பரையும் லிஸ்ட்டோட ஒத்துப் பாக்குறது தான் என் வேலை. ஒரு எழுத்து மாறி இருந்தா பெட்டி கேட்டைத் தாண்டாது. டிரெய்லர் டிரைவருங்க வெளிய நின்னு கத்துவாங்க, நல்லா கத்தட்டும்னு ஒக்காந்திருப்பேன். அந்தத் திமிரு எனக்கு உண்டு. அதை வூட்டுக்கும் எடுத்துகினு வந்தேன்.

கார்டு என் பேர்ல இருந்தாலும் என்னுது மட்டும் இல்ல. கொருக்குப்பேட்டைல எங்க சந்துல பதினாலு வூடு, கார்டு ஒண்ணே ஒண்ணு. எதிர் வூட்டு அக்கா இட்லிக் கடை நடத்துது. வூட்டுக்காரர் இல்லாம ஒரு பொண்ணை வளக்குது, எவனுக்கும் அஞ்சு பைசா பாக்கி வெச்சது இல்ல. அதுவும் ஒருவாட்டி கார்டுக்கு எழுதிப் போட்டுச்சு. விசாரிக்க ஒருத்தன் பைக்ல வந்தான். சந்து முனைல நின்னு உள்ள பாத்தான், சந்தை ஒட்டிக் கூட்ஸ் வண்டி போறதைப் பாத்தான், வண்டியை விட்டு எறங்காமயே திருப்பிகினு போயிட்டான். அப்பறம் ஃபோன்ல மெசேஜ் வந்துச்சு, தற்போது வழங்க இயலாதுன்னு. எனக்குக் கெடச்சது கம்பெனி அட்ரஸ்ல. சந்து அட்ரஸ் குடுத்திருந்தா எனக்கும் அதே மெசேஜ் தான் வந்திருக்கும். மனுஷன் யாருன்னு பாக்காம தெருவைப் பாத்து முடிவு பண்றானுங்களேன்னு அன்னிக்கு நான் போட்ட சத்தம் சந்து பூரா கேட்டுச்சு.

அதனால யாருக்கு இன்னா வோணும்னாலும் என் கார்டைத் தேய்ச்சுத் தான் வாங்குவோம். சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு தலைப்பு போட்டு வெச்சிருந்தேன். மாசம் பொறந்தா ரொக்கமா காசு வரும், நான் பேங்க்ல போட்டு பில்லு கட்டுவேன். ரசீது, கையெழுத்து, ஒண்ணும் கெடையாது. எங்க சந்துல அதெல்லாம் கேட்டா அசிங்கம். அதோட, யாராச்சும் என் வூட்டுப் பக்கம் வந்தா மத்த வூட்டுக் காசும் அவங்க கைலயே வந்துடும். அதுவும் எங்க பழக்கம் தான்.

ஒரு ஆடித் தள்ளுபடில அக்கா கடைக்குன்னு ஃப்ரிட்ஜ் வாங்குச்சு, மாவு புளிச்சுப் போவுதுன்னு. மாசம் ரெண்டாயிரத்து நூறு, பன்னெண்டு மாசம். அதே நாள்ல எங்க மாடில குடி இருக்கிற அண்ணன் வாஷிங் மெஷின் வாங்கினாரு, மாசம் ரெண்டாயிரம். அவரு டிரெய்லர் ஓட்டுறவரு, பாதி நாள் ஊர்ல இருக்கமாட்டாரு. காசு மட்டும் கரெக்டா வந்துடும்.

பன்னெண்டு மாசம் முடிய இன்னும் ரெண்டு மாசம் இருந்தப்போ, ஒரு ஞாயித்துக்கிழமை காலைல அக்கா பொண்ணைக் கூட்டிகினு வந்துச்சு. கைல ஒரு தூக்குல வடகறி. பொண்ணுக்குக் காலேஜ்ல சீட்டு கெடச்சிருந்துச்சு, கம்ப்யூட்டர் படிப்பு. அந்த வூட்லருந்து காலேஜ் படி ஏறப் போறது அது தான் மொதல் ஆளு.

"தங்கச்சி, லேப்டாப்பு இல்லாம அந்தப் படிப்பு முடியாதாம். ஃப்ரிட்ஜ் மாரியே தேய்ச்சுக் குடுக்கிறியா? மாசா மாசம் கரெக்டா குடுத்துடறேன்," அப்படின்னுச்சு.

அதுக்கு இன்னாக்கான்னு சொல்லிகினே எதிர் வூட்டுத் தலைப்பைத் தெறந்தேன். ஸ்டேட்மென்ட் அப்போ தான் பச்சைக்கு வந்திருந்துச்சு, நானும் நல்ல மூடுல தான் இருந்தேன். பாத்தா ஒரு மாசம் கொறையுது. போன மழைல, சந்துல தண்ணி நின்ன மாசம்.

"மழை மாசத்துது வரலையேக்கா."

"குடுத்தேனே. எனக்கு அப்போ காய்ச்சல், பொண்ணு கைல குடுத்தனுப்பினேன்."

பொண்ணு சொல்லுச்சு, "மாடி அண்ணன் கைல குடுத்தேன்க்கா. அவரு உங்க வூட்டுக்குத் தான் வந்துகினு இருந்தாரு."

அந்த எடத்துல நான் ஒண்ணே ஒண்ணு செஞ்சிருக்கணும். மாடி அண்ணன் தலைப்பைத் தெறந்து ஒருவாட்டி பாத்திருக்கணும். ரெண்டு அமுக்கு, அவ்ளோ தான் வேலை. செய்யல. எனக்குக் கோவம் வந்துடுச்சு. பத்து மாசமா ஒரு பைசா பெசகாம டிக் போட்டு வெச்சிருக்கேன், இதுங்க வந்து நின்னுகினு கணக்கு தப்புன்னு சொல்லுதேன்னு.

"அவரு லோடு ஏத்திகினு வடக்க போயிருக்காரு. ஊர்ல இல்லாத ஆள் பேரைச் சொல்றது ரொம்ப ஈசி," அப்படின்னேன். அதோட நிறுத்தி இருக்கலாம். வாய் சும்மா இருக்கல. "நீயே இன்னாவாச்சும் செலவு பண்ணிட்டியா பாரு. கம்ப்யூட்டர்ல இருக்கிறது பொய்யா போகாது."

பொண்ணு அம்மா மூஞ்சியைப் பாத்துச்சு. அக்கா என் தட்டைப் பாத்துச்சு. அதுல வடகறி ஊத்தி ரெண்டு இட்லி வெச்சிருந்தேன், பேசிகினே தின்னுகினு தான் இருந்தேன்.

"எவ்ளோ?" அப்படின்னுச்சு.

"ரெண்டாயிரத்து நூறு."

சரின்னு எழுந்து போயிடுச்சு. லேப்டாப்பு பேச்சை எடுக்கல. நானும் எடுக்கல.

மறுநாள் விடியக்காத்தால, மொத ஈடு இட்லி எறக்கறதுக்கு முன்னாடியே காசு வந்துச்சு. அக்கா காதுல தோடு இல்ல, ஈர்க்குச்சி செருகி இருந்துச்சு. பாத்தேன். பாத்துட்டு காசை எண்ணினேன். எண்ணி எதிர் வூட்டுத் தலைப்புல வரவு வெச்சேன். நிலுவை சரியா நின்னுச்சு. அன்னிக்கு எனக்கு அவ்ளோ நிம்மதி.

பொண்ணு காலேஜுக்குப் போச்சு. லேப்டாப்பும் வந்துச்சு, வாரக் கடன்ல. செவ்வாக்கெழமை ஆனா ஒருத்தன் தோள்ல பையை மாட்டிகினு அக்கா வூட்டு வாசல்ல நிப்பான். கட்டின காசுக்குச் சீட்டு கிழிச்சுக் குடுத்துட்டுப் போவான். இட்லி விக்காத வாரம் நின்னுகினே இருப்பான், சந்துல போறவன் வர்றவன் எல்லாம் பாப்பான். நான் வேலைக்குக் கெளம்புறதும் அந்த நேரம் தான். பாக்கி வெச்சா இப்படித் தான்னு உள்ளுக்குள்ள சொல்லிகினே பஸ் புடிக்க ஓடுவேன்.

ஆடி மாசம் மாடி அண்ணன் எறங்கி வந்தாரு, கைல ரெண்டாயிரம்.

"கடைசி தவணை ம்மே. இத்தோட நம்ம கணக்கு குளோஸ்."

லேப்டாப்பைத் தெறந்து பாத்தேன். "உங்களுது போன மாசமே முடிஞ்சு போச்சுண்ணா. நூறு ரூபா நான் தான் உங்களுக்குத் தரணும்."

அவரு சிரிச்சாரு. "நான் இன்னா லூசா, உனக்கு நூறு ரூபா அதிகமா குடுக்க? மாசா மாசம் குடுத்ததும் காலண்டர்ல கோடு போடுவேன். பதினோரு கோடு தான் கீது. நல்லா பாரு."

பாத்தேன். மழை மாசத்துல அவர் பேர்ல நாலாயிரத்து நூறு. ரெண்டு மாசத்துது சேத்துக் குடுத்துட்டு லோடுக்குப் போறாருன்னு நெனச்சு எழுதி இருக்கேன். அந்த உபரி நூறைப் பத்தி எனக்கு ஒரு கேள்வியும் வரல. பெட்டி நம்பர்ல ஒரு எழுத்து மாறினா கேட்டை மூடுறவளுக்கு.

"இது எதிர் வூட்டுக் காசும் சேத்து ம்மே," அப்படின்னாரு. "அன்னிக்கு முட்டி அளவு தண்ணி. அந்தப் பொண்ணு பிளாஸ்டிக் கவர்ல சுத்திக் குடுத்துச்சு. உன் கைல தரப்போ சொன்னேனே. நீ கூடத்துல பக்கெட்டால தண்ணி எறைச்சிகினு இருந்த, சரி சரின்னு தலையாட்டின."

எனக்கு அந்தத் தண்ணி ஞாபகம் வந்துச்சு. கவர் ஞாபகம் வந்துச்சு. அவர் சொன்னது மட்டும் வரல.

அவரு மேல ஏறிப் போனப்புறம் அந்த லேப்டாப்பைச் செவுத்துல அடிக்கலாமான்னு இருந்துச்சு. மாசா மாசம் பச்சை காட்டிச்சே, இன்னாத்துக்குக் காட்டிச்சு? மொத்தம் சரியா இருந்துச்சு, அதுக்குக் காட்டிச்சு. நாலாயிரத்து நூறு வந்துச்சு, நாலாயிரத்து நூறு கட்டினேன். அது யார் வூட்டுக் காசுன்னு அந்தப் பச்சைக்கு இன்னா தெரியும். தெரிஞ்சுக்க வேண்டியவ நான். தப்பா எழுதினதுக்குப் பக்கெட்டும் மழையும் காரணம் சொல்லிக்கலாம், எதிர்ல நின்னு சொன்ன பொண்ணு வார்த்தையை ஏன் கேக்கலன்னு அதுக்கு ஒரு காரணமும் இல்ல. என் மேலயே எனக்கு வந்த அந்தக் கோவம் இன்னி வரைக்கும் எறங்கல.

ரெண்டாயிரத்து நூறை எடுத்துகினு எதிர் வூட்டுக்குப் போனேன். அக்கா மாவு கரைச்சுகினு இருந்துச்சு. பொண்ணு செவுத்துல சாஞ்சு லேப்டாப்புல ஏதோ அடிச்சுகினு இருந்துச்சு, நிமிரல.

"தப்பு என்னுதுக்கா. காசு மாடி அண்ணன் கைல தான் வந்துச்சு. அவர் பேர்ல எழுதிட்டேன்."

அக்கா கை கழுவிச்சு, முந்தானைல தொடச்சுச்சு, காசை வாங்கி எண்ணிச்சு. அது எண்ணி நான் பாத்ததே இல்ல.

"பேங்குக்காரன் சந்தைப் பாத்துட்டு வண்டியை விட்டு எறங்காம போனான். அவனுக்கு என்னைத் தெரியாது," அப்படின்னுச்சு. "நீ என் வூட்டு வடகறியைத் தின்னுகினே என் பொண்ணைத் திருடின்னு சொன்ன."

"திருடின்னு சொல்லலக்கா."

"சொன்ன."

சொல்லித் தான் இருந்தேன். வேற வார்த்தைல.

அக்கா பொண்ணு பக்கம் திரும்பி ஒரு நோட்டு கேட்டுச்சு. பொண்ணு ஸ்கூல் நோட்டு ஒண்ணை எடுத்துக் குடுத்துச்சு, அப்பவும் என்னைப் பாக்கல. காலிப் பக்கத்தைத் தெறந்து என் முன்னாடி வெச்சு, நான் குடுத்த அதே ரெண்டாயிரத்து நூறை அது மேல வெச்சுச்சு.

"ஃப்ரிட்ஜுக்குக் கடைசித் தவணை. வாங்கிகினேன்னு எழுது. மொத்தமா முடிஞ்சுதுன்னும் எழுது. தேதி போட்டுக் கையெழுத்துப் போடு."

எழுதினேன். அக்கா எழுத்துக் கூட்டி ஒருவாட்டி படிச்சுட்டு நோட்டை மடிச்சு, அந்த வாரக் கடன்காரன் சீட்டெல்லாம் செருகி வெச்சிருந்த ஆணிக்குப் பக்கத்துல, அலமாரில வெச்சுச்சு.

அடுத்த ஞாயித்துக்கிழமை எதிர் வூட்டுத் தலைப்பு சைபர் ஆச்சு. ஸ்டேட்மென்ட்டும் பச்சை ஆச்சு. எறா வாங்கிகினு வந்த வூட்டுக்காரர் வாசல்லருந்தே எட்டிப் பாத்து, இன்னா எல்லாம் முடிஞ்சுதான்னு கேட்டாரு.

முடிஞ்சுடுச்சுன்னு சொன்னேன். எதிர் வூட்லருந்து வடகறி வாசனை வந்துகினு இருந்துச்சு.